நாலு இத்தாலி பீன்ஸும் விஜயத்தின் கேள்வியும்

இதில் நான் எழுதப்போகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். சத்தியம் பண்ணும்போது மனுஷன் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதனால் இந்த வரியை எழுந்து நின்று எழுதுகிறேன். இடுப்பு ஒத்துழைக்காததால் அடுத்த வரியிலிருந்து உட்கார்ந்துகொள்கிறேன். உட்கார்ந்து சொன்னாலும் உண்மை உண்மைதான். சந்தேகம் இருப்பவர்கள் சொன்னால், செம்பூரில் எந்தப் பிள்ளையார் முன்னால் வேண்டுமானாலும் வந்து கற்பூரம் அணைக்கத் தயார்.

என் பெயர் வைத்தீஸ்வரன். டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்து ரிடையர் ஆனவன். செம்பூரில், மோனோ ரயில் போகிற பாதையை ஒட்டிய ஒரு பழைய சொசைட்டியில் மூன்றாவது மாடியில் வீடு. வீட்டில் நானும் என் மனைவி விஜயலக்ஷ்மியும் இருந்தோம். இப்போது நான் இருக்கிறேன்.

விஜயத்துக்குத் தோட்டம் என்றால் ஜன்னல்தான். பம்பாயில் ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி ஒரு இரும்பு கிரில் துருத்திக்கொண்டிருக்கும். மற்ற வீடுகளில் அதில் உடைந்த நாற்காலியும் வெங்காயக் கூடையும் கிடக்கும். எங்கள் வீட்டில் காலி பெயிண்ட் வாளிகள், வாளி நிறைய மண். தக்காளி போட்டுப் பார்த்தாள், வெண்டை போட்டுப் பார்த்தாள். புறாக்கள் சாப்பிட்டதுபோக மிச்சத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

எங்கள் ஒரே பெண் ரஞ்சனா இத்தாலியில், பொலோன்யா என்கிற ஊரில் இருக்கிறாள். ஒரு தடவை வந்தபோது பெட்டியில் சாக்லேட்டுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் நாலு விதை பாக்கெட் கொண்டுவந்தாள். நாலும் கொடி பீன்ஸ். ஒன்று ரொமானோ, பட்டையாக அகலமாகக் காய்ப்பது. இன்னொன்றுக்குப் பெயர் மெரவில்யா தி வெனேட்ஸியா. வெனிஸ் நகரத்து அதிசயம் என்று அர்த்தமாம், மஞ்சளாகக் காய்க்கும். மூன்றாவது ட்ரியோன்ஃபோ வியோலெத்தோ, கத்தரிக்காய் மாதிரி ஊதா. நாலாவது அனெல்லினோ, மோதிரம் மாதிரி சுருண்டுகொள்ளும். இந்தப் பெயர்களைச் சொல்லி வாய் சுளுக்கிக்கொண்ட விஜயம், மறுநாளே நாலுக்கும் வேறு பெயர் வைத்துவிட்டாள். பட்டை, மஞ்சளி, ஊதா, சுருளி.

"நாலையும் போட்டுப் பாக்கறேன்" என்றாள். "ஆனா அடுத்த வருஷத்துக்கு ஒண்ணுதான் வெச்சுக்கப் போறேன். ஜன்னல்ல இடமில்லை. எது நன்னா இருக்குன்னு நீங்க சாப்ட்டுச் சொல்லணும்."

"எல்லாம் நன்னாத்தான் இருக்கும்."

"பாத்தேளா! அந்தப் பேச்சே ஆகாது. ரசம் எப்படின்னா நன்னா இருக்கு. உப்பே போடாத கூட்டு எப்படின்னா அதுவும் நன்னா இருக்கு. ஒரு தடவையாவது ஒண்ணை நல்லதுன்னும் இன்னொண்ணை மட்டம்னும் வாய் திறந்து சொல்லுங்கோ. மேல்வீட்டு தாஹிரையும் வேலைக்கு வர்ற பூமாரியையும் கேட்டுண்டு வந்து சொல்லப்படாது. நீங்க சாப்ட்டு, நீங்க சொல்லணும். ஆக்கும்."

சரி என்றேன்.

விதை போட்டாள். முளைத்து ரெண்டு இலை விட்டது. அதற்குள் அவள் போய்விட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை, இஸ்திரிக்காரன் துணி கொண்டுவந்த நேரம். துணியை எண்ணி வாங்கி, பீரோவில் வைத்துவிட்டுத்தான் டாக்டருக்கு போன் பண்ணினேன். டாக்டர் வந்தார், பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். துணி எல்லாம் சரியாக இருந்தது. ஒரு தலையணை உறை மட்டும் எங்களுடையது இல்லை.

எனக்கு அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். ரஞ்சனா வந்து, இருந்து, அழுதுவிட்டுப் போனாள். காரியம் எல்லாம் நான்தான் பண்ணினேன். பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன் பண்ண வேண்டும். மந்திரம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். முங்கச் சொன்னார்கள், முங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவர் நடுங்கினார்.

பீன்ஸ் பாட்டுக்கு வளர்ந்து காய்த்தது. நான் பறிக்கவில்லை. பறிக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் மோனோ ரயில் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காய்கள் கொடியிலேயே உலர்ந்து வெடித்தன. வீட்டு வேலைக்கு தாராவியிலிருந்து வருகிற பூமாரிதான் விதைகளைப் பொறுக்கி, நாலு டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

"ஏன்யா, ஒரு சொட்டுக்கூட கண்ணுல தண்ணி வரலியே ஒங்களுக்கு" என்றாள் ஒரு நாள், தரையைத் துடைத்துக்கொண்டே. "எங்க அத்தான் செத்ததுக்கு எங்க தெருவே அழுதுச்சு. அவரு நல்லவருகூட இல்ல."

"வரும்போது வரும்" என்றேன்.

"தண்ணி லாரியா, வரும்போது வருததுக்கு?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான் எனக்கு உறைத்தது. விஜயத்துக்கு வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, வருகிறது. அந்த ஒரு நாள், போனவர்கள் வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள் என்பது எங்கள் ஐதீகம். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்றால் தெரியாது. ஆனால் அவள் கேட்டது பாக்கி இருக்கிறது. அவளுக்குப் பதில் சொல்ல வேறு விலாசம் எனக்குத் தெரியாது. நாலில் எது நல்லதோ அதை அன்றைக்கு அவள் இலையில் போட்டுவிட்டால் சொன்ன மாதிரி ஆகும். அதுவும் நானே சாப்பிட்டு, நானே தீர்மானித்ததாக இருக்க வேண்டும்.

டப்பாக்களைத் திறந்தேன். நாலு வாளியிலும் விதை போட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இத்தாலி விதை முதல் வருஷம் இத்தாலி விதையாகத்தான் இருக்கும். இரண்டாம் வருஷம் அது பம்பாய்க்காரன் ஆகிவிடும். இடம் போதாது என்று தெரிந்துவிடும். முட்டி மோதிக்கொண்டு வளரும்.

பட்டையை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு காயும் தோசைத் திருப்பி அகலம். பூமாரி ஒன்றைப் பறித்து, சந்தேகம் இருந்ததால், அதை வைத்து உண்மையாகவே ஒரு தோசையைத் திருப்பிப் பார்த்தாள். தோசை முறுகலாக வந்தது. காய் பதமாக வெந்துவிட்டது. அதிலிருந்து தோசையையும் கறியையும் ஒரே நேரத்தில் பண்ணத் தொடங்கினாள். கேஸ் மிச்சம்.

மஞ்சளி காய்த்த வாரத்தில் சொசைட்டி வாட்ச்மேன் கீழேயிருந்து கூப்பிட்டான். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கச் சொன்னான். விளக்கு எரியவில்லை, அது காய் என்றேன். மேலே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு தினம் அந்த வெளிச்சத்தில் பேப்பர் படிக்கக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

சுருளி மேல்மாடிக்குப் போனது. மேல்மாடியில் தாஹிர் பாய். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் தோல் பை கடை. பம்பாயில் பிறந்து வளர்ந்ததால் தமிழை நடுநடுவே மறந்துவிட்டு ஹிந்தியில் தேடுவார். ஒரு நாள் காலையில் கதவைத் தட்டினார்.

"வைத்தி சாப், உங்க கொடி நம்ம கிச்சன்ல குஸ் ஆயி உள்ள வந்துடுச்சு. கப்பு ஒண்ணு, ஸ்கூட்டர் சாவி ஒண்ணு, என் பீவியோட வளையல் ஒண்ணு, எல்லாத்தையும் கொக்கி போட்டு மாட்டி வெச்சிருக்கு. இது பீன்ஸா, பாக்கெட்மாரா?"

"காய் சுருளும்போது எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். வேண்டுமென்று செய்வதில்லை."

"அப்படித்தான் போலீஸ்லயும் சொல்வாங்க" என்றார். ஆனால் கொடியை வெட்டவில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற தொல்லை விட்டது என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

ஊதாவுக்குத்தான் மேலே போவதில் இஷ்டமில்லை. குறுக்கே போனது. கிரில்லைத் தாண்டி, கேபிள் கம்பியைப் பிடித்து, மோனோ ரயில் பாதை வரைக்கும் போய்விட்டது. மோனோ ரயில் நிதானமான வண்டி. அது வளைவில் மெதுவாகத் திரும்பும்போது கொடியின் நுனி அதன் பின்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. வண்டி வடாலாவுக்குப் போனது. கொடியும் போனது. சாயங்காலம் அதே வண்டியில் திரும்பி வந்தபோது நுனியில் ஒரு கொத்துக் காய் இருந்தது. வடாலாவில் உப்பளத்துக் காற்று பட்ட காய் என்பதால் உப்புப் போடாமலே உப்பு சரியாக இருந்தது. அப்படித்தான் பூமாரி சொன்னாள்.

டிக்கெட் எடுக்காமல் போய் வந்ததாக யாரும் புகார் கொடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே மாட்டுங்காவிலிருந்து நீலகண்ட வாத்தியார் வந்தார். எங்கள் வீட்டு விசேஷம், துக்கம் இரண்டுக்கும் அவர்தான். ஸ்கூட்டரில் வருவார், ஹெல்மெட்டுக்குள்ளே குடுமி. நாள் பார்த்து, யார் யார் சாப்பிட வருவார்கள், என்ன சமையல் என்று பேசி முடிக்க வந்திருந்தார்.

"கறிக்கு இந்தக் கொடியில இருக்கறதைப் போடலாம்னு பாக்கறேன்" என்று ஆரம்பித்தேன்.

"என்னது அது?"

"பீன்ஸ்."

காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "ஓய், என்ன பேசறீர்? சிராத்தத்துல பீன்ஸா? பீன்ஸ், கோஸ், காரட், தக்காளி எல்லாம் இங்கிலீஷ் காய்கறி. கூடவே கூடாது. வாழைக்காய், சேனை, பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், கொத்தவரை. தீந்தது."

"இது இங்கிலீஷ் இல்லை. இத்தாலி."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்க வராது இப்போது, முயற்சி பண்ணுவதும் இல்லை.

"இத்தாலிக்காரன் நம்மளை ஆளலை" என்றேன். "அவன் மேல நமக்கு என்ன கோபம்?"

"ஆண்டதுக்கும் காய்க்கும் சம்பந்தம் கிடையாது. ரிஷிகள் காலத்துல இங்கே இல்லாத வஸ்து எதுவும் ஆகாது. அவ்வளவுதான். மிளகாயே போடப்படாது, தெரியுமோன்னோ? மிளகுதான். கப்பல்ல வந்தது எல்லாம் பித்ருக்களுக்கு அடையாளம் தெரியாது."

"விஜயத்துக்கு அடையாளம் தெரியும். விதை போட்டதே அவள்தான்."

வாத்தியார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் கண்ணில் பட்டது பட்டை. ஒன்றைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். அகலமாக, சப்பையாக, பச்சையாக இருந்தது.

"ஏன் ஓய், இது அவரைக்காய்தானே! இதைப் போய் பீன்ஸ் கீன்ஸ்னு சொல்லிண்டிருக்கீர். அவரைக்காய் தாராளமாப் போடலாம்."

"அவரைக்காய்தான்" என்றேன். அது பொய் இல்லை. வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். மந்திரமும் அப்படித்தானே சொல்கிறோம்.

ஆக, பட்டை ஜெயித்தால் பிரச்சினை இல்லை. அவரைக்காய் என்கிற பெயரில் இலைக்குப் போய்விடும். வேறு ஏதாவது ஜெயித்தால் அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் அதற்காகத் தீர்ப்பை முன்கூட்டியே எழுத முடியாது. விஜயம் கேட்டது எது நல்லது என்று. எது சௌகரியம் என்று கேட்கவில்லை.

சாப்பிட ஆரம்பித்தேன்.

நாலையும் ஒரே மாதிரி பண்ணச் சொன்னேன். கடுகு, உளுத்தம்பருப்பு, தேங்காய். வேறு ஒன்றும் கூடாது. பட்டை பல்லுக்கு வேலை வைக்காது. ஈரத் துணியைக் கடிக்கிற மாதிரி மெத்தென்று போகும். மஞ்சளியை நாக்கால் அழுத்தினாலே போதும், கரைந்து தொண்டைக்குள் வழுக்கிப் போய்விடும். சுருளி கடிக்கும்போது கீச் என்று சத்தம் போடும், புது செருப்பு மாதிரி. பக்கத்தில் யாராவது இருந்தால் சங்கடம்.

ஊதாவைச் சட்டியில் போட்ட அன்று பூமாரி சமையலறையிலிருந்து கத்தினாள்.

"ஏ ஐயா! ஓடி வாங்க! சாயம் போவுது!"

போய்ப் பார்த்தேன். ஊதாவாக இருந்தது சட்டியில் பச்சையாகிக்கொண்டிருந்தது. பாக்கெட்டின் பின்புறம் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று விஜயம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். சூடு பட்டால் அந்த ஜாதி பச்சையாகிவிடும். அது அதன் குணம்.

"தாராவி மார்க்கெட்ல வாங்குன சேலை மாரில்லா இருக்கு" என்றாள் பூமாரி. "ஒரு அலசுக்கே வேற கலரு."

ஒரு வாயில் எதுவும் தீர்மானம் ஆகாது. மறுநாளும் நாலையும் பண்ணச் சொன்னேன். அதற்கு மறுநாளும். மத்தியானம் சாப்பிட்டேன், ராத்திரி சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன், திறந்துகொண்டு சாப்பிட்டேன். சூடாக, ஆறவைத்து, பச்சையாக. பூமாரிக்குக் கவலை வந்துவிட்டது.

"போதும்யா. வவுறு என்னத்துக்கு ஆவும்? பட்டைதான் நல்லா இருக்கு. நான் சொல்லுதேன், பட்டைனு வச்சுக்கிடுங்க."

தாஹிர் பாய்க்கு மஞ்சளி. அவர் அதை ஆட்டுக் கீமாவில் போட்டுச் சாப்பிட்டதாகச் சொன்னார். அந்த ஆட்டத்தில் நான் சேரவில்லை. ரஞ்சனா போனில், "சுருளிதான்ப்பா, இங்கேயும் எல்லாருக்கும் அதான் பிடிக்கும்" என்றாள்.

"வைத்தி சாப், இவ்வளவு யோசனை எதுக்கு?" என்றார் தாஹிர் பாய். "உங்க பண்டிட்ஜிக்கு அவரைக்காய் ஓகே. பட்டை ஜெயிச்சிடுச்சுனு போட்டுடுங்க. மாம்லா கதம்."

"விஜயத்துக்குத் தெரிஞ்சுடும்."

"பாபி எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"என் முகத்தைப் பாத்து."

தாஹிர் பாய் என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அதில் ஒன்றும் கிடைக்காததால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

கடைசியில் ஊதா என்று தீர்மானித்தேன். பூமாரியிடம் சொன்னபோது அவள் கரண்டியை மேடைமேல் டங் என்று வைத்தாள்.

"அதுல என்னத்தக் கண்டீங்க?"

"ருசி அதுலதான்."

"எனக்குத் தெரியலியே."

"உனக்குத் தெரிய வேண்டாம். கேட்டது என்னை."

வருஷாப்திகத்தன்று மடியாகச் சமைக்க வாத்தியாரே ஒரு மாமியை அனுப்பியிருந்தார். விடிந்ததும் வந்துவிட்டாள். ஈரப் புடவையோடு காய்க் கூடையைப் பார்த்தவள் கேட்டாள்.

"என்ன மாமா, கத்தரி நிறத்துல இருக்கு?"

"ஊதா அவரை."

"ஆமாமா, எங்க ஊர்லயும் உண்டு" என்று நறுக்க உட்கார்ந்துவிட்டாள். ஊதா நிறத்தில் நிஜமாகவே ஒரு அவரை ஊரில் உண்டு. இந்த விஷயத்தில் எனக்கு உதவி பண்ணியவர்கள் எல்லோரும் தாங்களாகவே வந்து பண்ணினார்கள்.

ஹாலில் வாத்தியார் என் விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டுவிட்டு மந்திரம் ஆரம்பித்தார். சாப்பிட வந்த இருவரும் கால் அலம்பிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் விஜயத்தின் ஸ்தானத்தில். அவர் காட்கோபரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பெரிய மீசை வைத்துப் பிறகு எடுத்தவர் மாதிரி உதட்டுக்கு மேல் வெளுப்பாக இருந்தது. ரஞ்சனா போன் திரையில், அலமாரியில் சாய்த்து வைக்கப்பட்டு, பார்த்துக்கொண்டிருந்தாள். பூமாரி வாசல் பக்கம். தாஹிர் பாய் மாடிப்படியில், கதவு திறந்திருந்த அளவுக்கு.

அப்போதுதான் சமையலறையிலிருந்து மாமி அலறினாள்.

"வாத்தியார் மாமா! ஐயோ, வந்து பாருங்கோ!"

வாத்தியாரும் நானும் எழுந்து போனோம். வாணலியில் ஊதாக் காய் முழுக்கப் பச்சையாகியிருந்தது. மாமி கரண்டியால் காயைத் தூக்கிக் காட்டினாள். "இப்போதான் போட்டேன். கண் முன்னால மாறித்து. நான் ஒண்ணும் பண்ணலை. தண்ணிகூட நான் இன்னும் விடலை."

வாத்தியார் வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றார். குடுமியைத் தடவினார். பிறகு கை கூப்பினார்.

"வந்துட்டா" என்றார் மெதுவாக.

"யாரு?" என்றேன்.

"யாருன்னு கேக்கறீரே ஓய். உங்காத்து மாமி வந்துட்டா. பச்சைன்னா சௌபாக்கியம். சுமங்கலியாப் போனவ இல்லையா! எத்தனையோ சிராத்தம் பண்ணி வெச்சுருக்கேன், இப்படி நான் பாத்ததில்லை."

மாமி அடுப்படியிலேயே நமஸ்காரம் பண்ணினாள். கணக்கு வாத்தியார் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார், திடீரென்று தன்மேல் பொறுப்பு வந்துவிட்ட மாதிரி. திரையில் ரஞ்சனா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாடிப்படியில் தாஹிர் பாய் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டார். பூமாரி முதல் நாளே இதைப் பார்த்தவள். சாயம் போவுது என்று கத்தியவளே அவள்தான். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாக்கெட்டின் பின்புறம் போட்டிருந்ததை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. திரும்பி வந்து பலகையில் உட்கார வாத்தியார் கை கொடுத்தார்.

இலை போட்டார்கள். பரிமாறினேன். அந்தப் பச்சைக் கறியை, கணக்கு வாத்தியாரின் இலையில், விஜயத்துக்கு எப்போதும் வைக்கிற இடத்தில், வலது ஓரத்தில் வைத்தேன்.

சிராத்தத்தில் சாப்பிடுகிறவர்கள் பேசக் கூடாது. முக்கியமாக, பதார்த்தம் எப்படி இருக்கிறது என்று சொல்லக் கூடாது. நன்றாக இருக்கிறது என்றும் கூடாது, மட்டம் என்றும் கூடாது. வேண்டியதைக் கையால் காட்ட வேண்டும். அவர் மௌனமாகச் சாப்பிட்டார். கறியை முதலில் தொடவில்லை. பிரண்டைத் துவையலை முடித்தார், சேனையை முடித்தார். பிறகு கறியை எடுத்தார். மென்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இலையை வழித்து முடித்தார். இன்னும் வேண்டும் என்று கையைக் காட்டினார். அது கறிக்கா, மோருக்கா என்று புரியவில்லை. இரண்டையும் பரிமாறினேன்.

சாப்பிட்டு முடித்ததும் திருப்தியா என்று நான் கேட்க வேண்டும். கேட்டேன். திருப்தி என்று அவர்கள் சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

வாத்தியார் அடுத்த மந்திரத்துக்குப் போவதற்குள், "ஒரு நிமிஷம்" என்றேன். அவர் நிறுத்தினார்.

கணக்கு வாத்தியாரைப் பார்த்துச் சொன்னேன். "விஜயம், ஊதாதான் நல்லது. பட்டை மட்டம். மஞ்சளி சுமார். சுருளி வேண்டவே வேண்டாம். அடுத்த வருஷத்துக்கு ஊதாவையே வெச்சுக்கலாம்."

கணக்கு வாத்தியார் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலையை ஆட்டினார். கணக்கு வாத்தியாரும் தலையை ஆட்டினார். சரி என்கிற மாதிரி இருந்தது.

எல்லோரும் போன பிறகு, மிச்சம் இருந்ததை அன்றைக்குச் சிராத்தம் பண்ணியவன் சாப்பிட வேண்டும். இலை போட்டு உட்கார்ந்தேன். கறி முழுவதையும் சாப்பிட்டேன். ரஞ்சனா போனை அணைக்கவில்லை, திரையிலேயே இருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அப்பா, எப்படி இருக்கு? நிஜமாச் சொல்லு."

"முதல் கடியில லேசாத் தித்திப்பு" என்றேன். "அப்புறம் பச்சைப் பாதாம் மாதிரி ஒண்ணு வரும். முழுங்கினப்புறம் அடிநாக்குல கொஞ்சம் துவர்ப்பு நிக்கறது. அந்தத் துவர்ப்புதான் விசேஷம். பட்டையில அது கிடையாது, வெறும் தண்ணி. மஞ்சளி நெய்யை மோந்து பாத்த மாதிரி, சுருளி புல்லு."

"அம்மா இதைத்தான்ப்பா கேட்டா. இந்த மாதிரி நீ பேசி நான் கேட்டதே இல்லை." மறுபடியும் அழ ஆரம்பித்தாள். "அவளுக்குப் போய்ச் சேந்துடுத்துப்பா. எனக்குத் தெரியும்."

"சேந்திருக்கும்" என்றேன். இலையை மடித்தேன், என் பக்கமாக.

ஊதாவின் விதையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் பூமாரிக்கும் தாஹிர் பாய்க்கும் கொடுத்துவிட்டேன்.

விஜயம் போன அன்றைக்குச் சாயங்காலம் யாரோ கொடுத்த காப்பியிலிருந்து இன்றுவரை என் நாக்குக்கு எந்த ருசியும் தெரிவதில்லை.